அண்ணனின் மினி பைக்கில் முதல் ரவுண்டு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். "காலேஜுக்குப் போனவ நீதானே" என்றார். என்னென்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். பிறப்பு, வளர்ப்பு, உழைப்பு, குணம், கடைசியில் நன்றி. குணம் வருகிற இடத்தில் 'கொடுத்த வாக்குத் தவறாதவர்' என்று கட்டாயம் போடச் சொன்னார். மற்றதையெல்லாம் எப்படியோ எழுதிவிடலாம். அந்த ஒரு வரியில்தான் மாட்டிக்கொண்டு விழிக்கிறேன். அதற்குக் காரணம் வாசலில் நிற்கும் மினி பைக்.

அண்ணன் பிறந்தது திருவொற்றியூர்க் கடற்கரையில், அலைக்குப் பக்கத்து வரிசையில் இருந்த வீட்டில். அந்த வீட்டைக் கடல் எடுத்துக்கொண்டது. இப்போது அங்கே பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள், இதுதான் இடம் என்று கை நீட்டிக் காட்டக்கூட வழியில்லை. அப்பா மீன்பிடிக்கப் போனவர். அவர் காலமானதும் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் படகேறினார். பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், அங்கேயே கிரேன் ஓட்டப் பழகினார், கடைசிவரை கிரேன் ஆபரேட்டராகவே இருந்தார். என்னை விடாப்பிடியாகப் படிக்க வைத்தார். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் நான் இன்று நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பது அவரால்தான். அண்ணியைக் காசிமேட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் மூவர்தான். அண்ணனுக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும். கத்தி முடித்த கையோடு "டீ கீதா, இல்லியா?" என்பார். யாருடைய வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாகப் போய் நின்று பந்தல் கட்டுவார். இதெல்லாம் இந்த மலரைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு மழைக்காலத்தில் சடையங்குப்பம் முழுகிப்போனது. அண்ணனோடு துறைமுகத்தில் வேலை பார்க்கும் தேவராஜ் அண்ணனின் வீடு அங்கேதான். தண்ணீர் வடிந்ததும் சேறு அள்ளித் தருகிறேன் என்று போன எங்கள் அண்ணன், சாயங்காலம் ஒரு குட்டியானை லோடு வண்டியில் திரும்பி வந்தார். பின்னால் ஒரு சேற்று உருண்டை கிடந்தது. ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடிக்க அடிக்க அது ஒரு மினி பைக்காக மாறியது. எந்தக் காலத்து வண்டியோ, அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லையாம். சக்கரம் இல்லை, விளக்கு இல்லை, சைலன்சர் இல்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புகிற கார்பரேட்டரும் இல்லை. இருந்ததெல்லாம் துரு.

அண்ணன் ஆறடி உயரம், அதற்குத் தகுந்த அகலம். அந்த வண்டியோ என் இடுப்புக்குக்கூட வராது. அவர் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். "இத்த வச்சிகினு இன்னா பண்ணப் போறே?" என்று அண்ணி கேட்டார். "ஓட்டப் போறேன்" என்றார் அண்ணன். எனக்குக் குழப்பம் அன்றே தொடங்கியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் சாமான் தேடிப் போனார். காயலான் கடை, லேத்துப் பட்டறை, புதுப்பேட்டை என்று சுற்றிவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு வந்து சமையலறை வாசலில் சப்பணம் போட்டு உட்காருவார். யார் என்ன சொன்னார், எந்தக் கடையில் யாரோடு சண்டை, எவன் இல்லாத சாமானை இருப்பதாகச் சொல்லி அலைய வைத்தான் என்று அண்ணியிடம் கதை கதையாகச் சொல்லுவார். அண்ணி மீன் அரிந்துகொண்டே கேட்பார். எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் ஒருநாள் அண்ணன் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார்: "செல்வி, வண்டி ரெடியாச்சின்னா மொத ரவுண்டு உனக்குத்தான். இது வாக்கு." வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குத் தலைகால் புரியவில்லை.

மெல்ல மெல்ல வண்டிக்கு எல்லாம் வந்து சேர்ந்தது, கார்பரேட்டர் மட்டும் வரவில்லை. "அது ஒண்ணு கெடைச்சா போதும், பிச்சிகினு போவும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு காலை, துறைமுகத்துக்குக் கிளம்பி நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசல்வரைதான் அவரைக் கொண்டுபோக முடிந்தது.

பதினாறாம் நாள் முடிந்ததும் நான் ஒரு முடிவு செய்தேன். முதலாண்டு நினைவு நாளுக்குள் கார்பரேட்டரைக் கண்டுபிடிக்க வேண்டும், அன்று அந்த வண்டி ஓட வேண்டும், அண்ணன் கொடுத்த வாக்குப்படி முதல் ரவுண்டு நான் போக வேண்டும். அவர் எனக்கென்று விட்டுப்போனது அந்த ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஸ்பேனரைப் பிடிக்கவும் தெரியாது. ஆனாலும் ஞாயிறுதோறும் கிளம்பினேன்.

புதுப்பேட்டையில் வண்டிக்குச் சைலன்சரும் விளக்கும் கொடுத்த பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சியா நீ? உங்க அண்ணன் கேட்டதயே நீயும் கேக்குறே. என்கிட்ட இல்லம்மா. தண்டையார்பேட்டைல ஒருத்தன் கீறான், அவனைப் பாரு" என்றார். தண்டையார்பேட்டைக்காரர் ராயபுரத்துக்கு அனுப்பினார். ராயபுரத்துக்காரர் மறுபடியும் பாயிடமே அனுப்பினார். ஒருவர் பெரிய வண்டியின் கார்பரேட்டரை என் தலையில் கட்டப் பார்த்தார். இன்னொருவர் ஏதோ ஒரு பம்பைக் காட்டி இதுதான் அது என்று அடித்துப் பேசினார். நானும் நம்பி வாங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, அண்ணன் உட்கார்ந்த அதே வாசலில் உட்கார்ந்து, இவர்களையெல்லாம் திட்டித் தீர்ப்பேன். அண்ணி மீன் அரிந்துகொண்டே கேட்பார். சில நேரம் "அப்பால இன்னா சொன்னான்?" என்று எடுத்துக் கொடுப்பார். அந்த ஒரு வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது நான் அந்தப் பம்பை வாங்கி வந்த அன்றுதான்.

கார்பரேட்டர் கிடைக்கவே இல்லை. நினைவு நாள் நெருங்கிவிட்டது. சரி, ஓடாத வண்டியையாவது பூப்போட்டு வாசலில் நிறுத்துவோம் என்று, அதற்குச் சாமான் கொடுத்தவர்களைப் போன ஞாயிறு வீட்டுக்கு அழைத்தேன். தேவராஜ் அண்ணன் வந்தார். பாய் வந்தார். காசிமேட்டில் மீன் விற்கும் மங்கா அக்காவும் வந்தார். வண்டியின் இரண்டு சக்கரமும் இவர் கொடுத்தவை. எங்கிருந்தோ கிடைத்த மினி பைக் சக்கரத்தைத் தன் ஐஸ் பெட்டி வண்டியில் மாட்டி வைத்திருந்தார், அண்ணன் கேட்டதும் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது மங்கா அக்கா வண்டியைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இது ஓடிருந்தா மொத ரவுண்டு நான்தான் போயிருப்பேன். எனக்கு வாக்கு குட்துகீறாரு."

தேவராஜ் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாக்கா பேசுறே? வண்டியே என்னுது. மொத ரவுண்டு உனக்குத்தான் தேவான்னு என் வூட்டாண்ட வச்சி சொன்னான்."

"அரே, எனக்குல்ல சொன்னாரு!" என்றார் பாய்.

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. நானும் விடவில்லை. "எனக்குத்தான் சொன்னாரு. நான் அவரு கூடப் பொறந்தவ!" என்று கத்தினேன். அண்ணனின் குரல் எனக்கும் இருக்கிறது என்பது அன்றுதான் தெருவுக்குத் தெரிந்தது. ஆளாளுக்குப் பேசினோம். ஓடாத வண்டிக்கு இவ்வளவு சண்டை.

அண்ணி எழுந்து உள்ளே போனார். ஸ்டூலைப் போட்டுப் பரணிலிருந்து பொங்கல் பானையை இறக்குகிற சத்தம் கேட்டது. துக்க வருடம் என்பதால் இந்த ஆண்டு எங்கள் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. அந்தப் பானையை யாரும் தொடவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் வைத்து, உள்ளே கையை விட்டு, பழைய புடவைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். கார்பரேட்டர்.

"மொத ரவுண்டு முடிஞ்சி போச்சி" என்றார் அண்ணி. "நான்தான் போனேன்."

நான் கும்மிடிப்பூண்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிறாம். அண்ணனுக்குக் கார்பரேட்டர் எங்கேயோ கிடைத்துவிட்டது. விடிந்ததும் மாட்டி, உதைத்து, கிளப்பி, அண்ணியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கடலோர ரோட்டில் எர்ணாவூர்வரை போய் வந்திருக்கிறார். "அவரு முட்டி ரெண்டும் ரெக்க மாறி விரிச்சிகினு கீது, நான் பின்னால தொங்கிகினு போறேன். வல பின்னுறவங்க எல்லாம் எழுந்து நின்னு பாத்தாங்க. எனக்கு வெக்கமா பூட்சி" என்றார். வீட்டுக்கு வந்ததும் அண்ணனே கார்பரேட்டரைக் கழற்றி, துடைத்து, அண்ணி கையில் கொடுத்தாராம். உள்ளே வை, யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லு என்றாராம். ஏன் என்று அண்ணி கேட்டதற்கு, "அப்பால சொல்றேன்" என்றாராம். அடுத்த ஞாயிறு மறுபடியும் கார்பரேட்டர் தேடிக் கிளம்பிவிட்டார்.

அப்பால சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. யார் மனமும் நோகக் கூடாது என்றுதான் கழற்றிவிட்டான் என்கிறார் தேவராஜ் அண்ணன். ஞாயிறு டீக்கு என் கடைக்கு வருவதற்கு ஒரு சாக்கு வேண்டாமா என்கிறார் பாய். போலீஸ் பிடிக்கும் என்று பயம் என்கிறார் மங்கா அக்கா. எனக்கு எது சரியென்று தெரியவில்லை. இவ்வளவு பேரிடம் ஒரே வாக்கைக் கொடுத்த மனிதரை வாக்குத் தவறாதவர் என்று எழுதலாமா என்றும் தெரியவில்லை. பெரியப்பா மன்னிக்க வேண்டும்.

ஆனால் எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்றபோது அண்ணியைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்க் கேட்டேன். "ஒரு வருஷமா நான் நாய் மாதிரி அலைஞ்சேனே அண்ணி. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அண்ணி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சொல்லணும்னுதான் நெனச்சேன் செல்வி. நீ கிரீஸ் கையோட வந்து குந்திகினு, அவன் இப்டி சொன்னான், இவன் அப்டி சொன்னான்னு சொல்லுவியே... அவரு இன்னும் தேடிகினுதான் கீறாருன்னு இருக்கும். அத்த எட்த்து உன் கைல குட்துட்டா அப்பால ஞாயித்துக்கெழம யாரு வருவா?"

நான் அழுதேன். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

வெளியே பாய் கார்பரேட்டரைப் பெட்ரோலில் கழுவி, ஊதி, மாட்டினார். பிளக்கைத் தேய்த்தார். தேவராஜ் அண்ணன் உதைத்து உதைத்துக் கால் வலித்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் மங்கா அக்கா ஓர் உதை விட்டதும் வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. தெருவெல்லாம் புகை. அண்ணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, வண்டிச் சத்தம் அடங்கும்வரை அப்படியே நின்றார். ரவுண்டு யாரும் போகவில்லை. நினைவு நாளில் படையல் முடிந்ததும் வரிசையாகப் போகலாம் என்று பேசியிருக்கிறோம். முதல் ரவுண்டு அண்ணியுடையது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டோம்.

இனி நன்றி. அன்று ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டுக்காரருக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய பெரியப்பாவுக்கும், தோள் கொடுத்த துறைமுகத் தோழர்களுக்கும், வண்டி கொடுத்தவருக்கும், சக்கரம் கொடுத்தவருக்கும், விளக்கு கொடுத்தவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இல்லாத சாமானுக்காக என்னை ஊர் சுற்ற வைத்த எல்லாக் கடைக்காரர்களுக்கும், அண்ணியின் சார்பில், தனியாக ஒரு நன்றி.

கடைசியாக ஓர் உதவி. வண்டிக்கு மீட்டர் கேபிள் இன்னும் இல்லை. அது இல்லாமலே வண்டி ஓடும் என்று பாய் சொல்கிறார். இருந்தாலும் நான் அடுத்த ஞாயிறு முதல் அதைத் தேடிக் கிளம்பப் போகிறேன். இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது அந்தக் கேபிள் இருக்கலாம். நான் வந்து கேட்டால், தயவுசெய்து முதல் தடவை இல்லையென்று சொல்லி, வேறு யாரிடமாவது அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கை செல்வி