மாதா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட குறுவை

கால் ஒடிந்தது மயிலால். யூரியா மூட்டையை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருந்தேன். மயில் குறுக்கே நடந்தது. மயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டையும் தப்பித்தது. நான்தான் மதகுக் கட்டையில் போய் விழுந்தேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் தொடை வரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். எங்கள் தெருவில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்பார்கள். அன்பியத்துக்கென்று ஒரு மாதா சுரூபம் உண்டு. ஒரு முழ உயரம், கண்ணாடிக் கூடு, பின்னால் சீரியல் லைட்டு. அது வீடு வீடாக முறை வைத்து வரும், வாய்க்கால் தண்ணீர் மாதிரி. வீட்டுக்கு ஒரு வாரம். ஆனால் எந்த வீட்டிலாவது ஒருவர் கஷ்டத்தில் கிடந்தால், கஷ்டம் தீரும் வரை மாதா அங்கேயே தங்குவார். தினமும் சாயங்காலம் எல்லாரும் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்ல வேண்டும். வரும்போது வெறுங்கையோடு வரக் கூடாது. யார் வைத்த சட்டம் என்று தெரியாது. மீறியவர் கிடையாது.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மாதாவும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். டி.வி. இருந்த இடத்தில் அவரை வைத்தார்கள். டி.வி. அரிசி மூட்டை மேல் போனது.

எலும்பு ஒடிந்தவனுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதில் எங்கள் தெருவில் இரண்டு கருத்து இல்லை. ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல். முதல் நாள் ஒரு வீட்டிலிருந்து வந்தது. மறுநாள் நாலு வீட்டிலிருந்து. ஆற்றங்கரை வேலியில் பிரண்டையே இல்லாமல் போனது என்று கேள்விப்பட்டேன். பிரண்டையைச் சரியாக வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும். ஒரு வீட்டில் வதக்கத் தெரியாது. எந்த வீடு என்று சொல்ல மாட்டேன். அவர்கள்தான் அதிகம் கொண்டுவந்தார்கள்.

"சாப்பிடுங்க, மனசோட செஞ்சிருக்காங்க" என்பாள் என் வீட்டுக்காரி. அவள் ஒரு நாள் தொட்டு நக்கிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அப்படிச் சொல்லவில்லை.

கால் எனக்குப் பெரிய கவலை இல்லை. வலித்தது, அவ்வளவுதான். என் கவலை நாற்றங்காலில் இருந்தது. எனக்கு இருப்பது மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், ஆற்றுக்கு அந்தப் பக்கம். குறுவைக்கு நாற்று விட்டிருந்தேன். வயலைச் சேறடித்துத் தயாராக வைத்திருந்தேன். நடவுக்கு வடநாட்டு ஆட்களைப் பேசி, அதை டீக்கடையிலும் சொல்லியிருந்தேன். அவர்களை வேறு ஊர்க்காரர் யாரோ அழைத்துப் போய்விட்டார். போன் போட்டால் இந்தியில் ஏதோ பாட்டு வந்தது. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது. இன்னும் நாலைந்து நாள் விட்டால் மாட்டுக்குத்தான் அறுத்துப் போட வேண்டும். அந்த நெல் போனால் வருஷம் போனது மாதிரி.

எங்கள் தெருவில் நடவு தெரியாத பெண்களே குறைவு. எதிர் வரிசையில் ஒரு அம்மாள் நடவு செட்டே வைத்திருக்கிறாள். இருபது பேரைக் கூட்டிப் போவாள். ஆனால் அவர்களுக்கு அந்த மாதம் ஒரு நாள் ஒழிவு கிடையாது. பகலெல்லாம் குனிந்து நட்டுவிட்டு, சாயங்காலம் எங்கள் வீட்டில் முழங்கால் போட்டார்கள்.

"ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள் வீட்டுக்காரி.

"கேக்காதே."

"ஏன்?"

"நம்ம வீட்டுல வந்து செபம் சொல்றவங்க. முடியாதுன்னு சொல்ல வாய் வராது. அப்படிப்பட்டவங்ககிட்ட கேக்கக் கூடாது."

"அப்ப முடியாதுன்னு சொல்றவங்ககிட்டதான் கேப்பீங்களா?"

கட்டுக்குள் அரிக்கிறது, குச்சி கொடு என்றேன்.

அந்த நடவு செட்டு அம்மாளுக்கும் ஒரு அவசரம் இருந்தது. எனக்கு அடுத்து மாதா போக வேண்டியது அவள் வீட்டுக்கு. அவள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வலி எடுப்பதற்குள் மாதா வீட்டில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதனால் தினமும் முதல் ஆளாக வருவாள். மாதாவைக் கும்பிடுவாள். பிறகு என் கட்டைப் பார்ப்பாள்.

"கால் எப்படிண்ணே இருக்கு?"

"இருக்கு."

"கொஞ்சம் அசைச்சுப் பாருங்களேன்."

"கட்டு போட்டிருக்கும்மா."

"விரலையாவது."

விரலை அசைத்துக் காட்டினேன். "நல்லா அசையுதே" என்றாள் எல்லாரையும் திரும்பிப் பார்த்து. அதோடு நிறுத்திக்கொண்டாள். நோயாளியை அவசரப்படுத்துவது பாவம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மறுநாள் அவள் கொண்டுவந்த சூப்பு இரண்டு பங்காக இருந்தது.

செபமாலை முடிந்ததும் மன்றாட்டு நடக்கும். ஒவ்வொருவராக மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். தினமும் என் காலுக்காக வேண்டினார்கள். அவ்வளவு வேண்டுதல் ஒரு காலுக்கு அதிகம் என்று எனக்கே தோன்றியது. ஒரு நாள் உபதேசியார் என் பக்கம் திரும்பினார். கோயிலில் செபம் நடத்துவது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டிக்காரர்.

"நோயாளியும் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"எனக்கு வராதுங்க."

"மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்க. ஆண்டவருக்கு இலக்கணம் வேணாம்."

வீட்டுக்காரி என் முதுகில் இடித்தாள். மனதில் ஒன்றுதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"நாத்து முத்திப் போச்சு. வடநாட்டு ஆளுங்க வரல. இந்த வாரம் நடலேன்னா மாட்டுக்குத்தான் ஆகும். ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள் எல்லாரும், பழக்கத்தில். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தார்கள் போல.

"யாரு நாத்து?" என்றாள் நடவு செட்டு அம்மாள்.

"என் நாத்துதான்."

"இன்னும் நடலையா? ஆளுங்க நட்டுட்டுப் போயிட்டாங்கன்னுல்ல நெனச்சோம்."

"வரவே இல்ல."

அவள் முழங்காலிலிருந்து எழுந்துவிட்டாள். "இத்தனை நாளா மாதாகிட்ட காலைக் கேட்டுகிட்டு இருந்திருக்கோம். அண்ணன் கஷ்டம் நாத்தங்கால்ல இருந்திருக்கு. பாவம், மாதா என்னதான் செய்யும்?"

பிறகு உபதேசியாரைப் பிடித்துக்கொண்டாள்.

"உபதேசியாரே, கஷ்டம் தீந்தாதானே மாதா கெளம்பும். அண்ணனுக்குக் கால் கஷ்டமா, நடவு கஷ்டமா?"

"ரெண்டும் கஷ்டம்தாம்மா."

"கால் தானா கூடிடும். நாத்து தானா எந்திரிச்சுப் போயி வயல்ல நிக்காது. நீங்க சொல்லுங்கண்ணே. நடவு முடிஞ்சா கஷ்டம் தீந்துச்சா?"

"தீந்துச்சு."

"கால் வலின்னு அப்புறம் மாதாவைப் பிடிச்சு வச்சுக்க மாட்டீங்களே?"

"மாட்டேம்மா."

"அண்ணி, நீங்க சாட்சி" என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு அங்கேயே போனை எடுத்தாள். மறுநாள் அவள் செட்டு மேலத்தெரு ஐயா ஒருவர் வயலில் இறங்க வேண்டும். அவர் பழைய மிராசு வீடு, மகனோடு சென்னையில் இருக்கிறார். "ஐயா, நாளைக்கு மாதா காரியம் ஒண்ணு இருக்குங்க. நாளன்னைக்கு வந்துடறோம்" என்றாள். அவர் சொன்னது எங்களுக்கே கேட்டது. "மாதா காரியம்னா போயிட்டு வாம்மா. எனக்கு மூட்டு வலி, அதையும் சேத்து வேண்டிக்க."

அவருக்காகவும் ஒரு மன்றாட்டு சொன்னார்கள்.

காலையில் நானும் வருவேன் என்றேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப்போய் வரப்பில் வைத்தார்கள். ஆண்கள் நாற்றைப் பறித்துக் கட்டினார்கள். பெண்கள் வயலில் இறங்கினார்கள். உபதேசியாரும் இறங்கினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நானும் என் பங்குக்கு" என்றார். அவருக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

நடும்போது பாட்டு இருந்தால் கை ஓடும். உபதேசியார் பாட்டு எடுத்தார். அவருக்குப் பிடித்தது தவக்காலப் பாட்டு. சிலுவை சுமக்கிற பாட்டு, மெதுவாகத்தான் போகும். பெண்கள் கையும் அதன் கூடவே மெதுவாகப் போனது. வெயில் ஏறிவிட்டது, கால்வாசி கூட ஆகவில்லை.

"உபதேசியாரே, இந்தப் பாட்டுல நட்டா தையிலதான் முடியும். கிறிஸ்துமஸ் பாட்டா எடுங்க" என்றாள் நடவு செட்டு அம்மாள்.

"இது ஆடி மாசம்மா."

"மாதாவுக்குத் தன் புள்ளை பொறந்த பாட்டு ஆடியில கசக்குமா?"

அவர் எடுத்தார். கை ஓடியது. வயல் முழுக்க இயேசு பாலன் பிறந்துகொண்டே இருந்தார். பக்கத்து வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றி நின்று, "கேக்கு உண்டாங்க?" என்று கேட்டார். கேக் இல்லை. மதியச் சோற்றுக்கு ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும்தான். எங்கள் வீட்டில் மிச்சம் இருந்ததையெல்லாம் வீட்டுக்காரி கொண்டுவந்து வைத்துவிட்டாள். வதக்கத் தெரியாத வீட்டுத் துவையல் அந்த வீட்டு அம்மாளுக்கே போய்ச் சேர்ந்தது. அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

பொழுது சாய்வதற்குள் மூன்று மாவும் முடிந்தது. கூலிப் பேச்சை எடுத்தேன். "மாதாவைக் கெளப்பி விடுங்க, அது போதும்" என்றாள் நடவு செட்டு அம்மாள்.

அன்றைக்கே கிளப்பினோம். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. எந்த வீட்டிலிருந்து மாதா புறப்படுகிறாரோ அந்த வீட்டுக்காரன்தான் சுரூபத்தைச் சுமந்து அடுத்த வீட்டில் விட வேண்டும். என்னால் நடக்க முடியாது. வேறு ஆள் சுமந்தால் கஷ்டம் கூடவே வரும் என்றாள் நடவு செட்டு அம்மாள். மறுபடி நாற்காலி. சுரூபத்தை என் மடியில் வைத்தார்கள். நாலு பேர் தூக்கினார்கள். முன்னால் மெழுகுவர்த்தி, பின்னால் பாட்டு. மாவுக்கட்டு துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு போனது. டீக்கடையில் இருந்த வெளியூர்க்காரர் ஒருவர் எழுந்து கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

அவள் வீட்டில் மாதாவை வைத்ததும் மகள் வந்து தொட்டுக் கும்பிட்டாள். வலி எடுக்கவில்லை. அந்த அம்மாள் அன்றைக்குத்தான் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்தேன். முழங்கை வரை சேறு காய்ந்திருந்தது. கழுவக்கூட நேரம் இல்லை.

மன்றாட்டில் உபதேசியார் மறுபடி என்னைப் பார்த்தார். எனக்கு இப்போது பழகிவிட்டது.

"நட்டது பச்சை பிடிக்கணும். பிள்ளைப்பேறு நல்லபடியா ஆகணும். பிரண்டைத் துவையல் போதும். ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள்.

மூன்றும் கேட்கப்பட்டன. பெண் குழந்தை. துவையல் நின்றது. சூப்பும் நின்றது. சூப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பயிரும் பச்சை பிடித்தது, ஒரு மூலை தவிர. உபதேசியார் வேரைச் சேற்றில் ஊன்றாமல் மேலாக வைத்துக்கொண்டு போயிருந்தார். மறுநாளே அவர் நட்டதெல்லாம் தண்ணீரில் மிதந்து மடை ஓரம் ஒதுங்கியது. நடவு செட்டு அம்மாள் வேறு வயலுக்குப் போகிற வழியில் இறங்கி, மீதி நாற்றை அந்த மூலையில் நட்டுவிட்டுப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரி பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

கதிர் வந்த பிறகு, மாவுக்கட்டை எடுத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்திருந்தேன். உபதேசியார் சைக்கிளை நிறுத்தினார். காலைப் பற்றிக் கேட்கவில்லை.

"நம்ம மூலை எப்படி இருக்கு?"

"அதுதாங்க நல்லா வந்திருக்கு" என்றேன்.

மணியடித்துக்கொண்டே போனார்.