சர்க்கரையை விட்ட தாய்மாமன்

இரண்டு மாதத்துக்கு முன்னால் டாக்டர் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பார்டர்ல நிக்கிறீங்க சார். இன்னையோட இனிப்ப நிறுத்திடுங்க" என்றார்.

"கருப்பட்டி?"

"நிறுத்திடுங்க."

"தேன்... அது மருந்துன்னு சொல்வாங்களே?"

அவர் பேனாவை மூடினார். கிளம்பும்போது மட்டும் ஓர் ஆறுதல். "கொஞ்ச நாளைக்குத் தலைவலி, எரிச்சல் எல்லாம் இருக்கும். அப்புறம் உடம்பு பழகிக்கும்."

உடம்பு பழகிக்கொள்ளும், சரி. வீட்டில் இருப்பவர்கள்? அதற்கு அவர் எதுவும் எழுதித் தரவில்லை.

மறுநாளே ஆரம்பித்துவிட்டது. மத்தியானம் ஆனால் நெற்றிப்பொட்டில் ஒரு குடைச்சல். ஆபீசில் ஃபைலைத் திறந்தால் எழுத்துகளுக்கு நடுவே ஜாங்கிரி தெரிந்தது. சத்தம் போடுகிறது என்று ஃபேனைத் திட்டினேன். "சாப்பிட வாங்க" என்று மனைவி சந்திரா கூப்பிட்டதற்கு, "வராம நான் எங்க ஓடிப் போயிட்டேன்?" என்று கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இந்த லட்சணத்தில்தான் நெய்க்காரப்பட்டியில் வாழ்க்கைப்பட்ட தங்கை சரோஜா போன் செய்தாள். "அண்ணே, எம் மக கவிதாவப் பொண்ணு பாக்க ஞாயித்துக்கெழம வாராங்க. தாய்மாமன் நீ முன்னால உக்காரணும்."

பெண் பார்க்கும் நாளில் தாய்மாமனுக்கு என்ன வேலை? சிரிக்க வேண்டும். வந்தவர்கள் எதைச் சொன்னாலும் "அதுக்கென்ன, பேசிக்கலாம்" என்று சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆளில்லை என்பது எங்கள் குடும்பத்தில் முடிவாகிப்போன விஷயம்.

போனோம். கூடத்தில் தட்டுத் தட்டாகக் கேசரி, லட்டு. நெய் வாசம் நேராக மூளைக்கு ஏறியது. நான் மட்டும் மிக்சரைக் கொறித்துக்கொண்டிருந்தேன் - பல்லைக் கடிக்க அது ஒரு சாக்கு.

மாப்பிள்ளையின் பெரியப்பா கேசரியை விழுங்கிவிட்டுச் சாவகாசமாகத் தொடங்கினார். "புள்ள பி.எட். படிச்சிருக்குதுங்களா... சந்தோசமுங்க. ஆனா வேலைக்கு அனுப்பற பழக்கம் எங்க வீட்டுல இல்லீங்க. நாளைக்குப் பொறக்கற குழந்தைங்களுக்குச் சொல்லிக் குடுத்தாப் போதுமுங்க."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். தலை விண்விண்ணென்று தெறித்தது.

"அப்ப நீங்க தேட வேண்டியது டியூஷன் டீச்சர. இங்க எதுக்கு வந்தீங்க?" என்றேன்.

கேசரித் தட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் படியிறங்கும்போதும் லட்டை மென்றுகொண்டிருந்தார்.

சரோஜா அழுதாள். அவள் கணவர் வாசலில் போய் நின்றார். சந்திராதான் எனக்காக வக்காலத்து வாங்கினாள். "அவரு மேல தப்பில்ல சரோஜா. சீனிய நிறுத்துனதுல இருந்து இப்படித்தேன்."

அவ்வளவுதான் - நோய் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது. சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், சீனியை அள்ளிப் போட்ட காபியோடு வந்தாள். "இதக் குடிண்ணே. குடிச்சிட்டு அவங்களுக்கு ஒரு போனப் போட்டு மன்னிப்புக் கேளு."

டம்ளரை எடுத்தேன். அடுப்படிக் கதவோரம் நின்றிருந்த கவிதா மெதுவாகச் சொன்னாள். "மாமா, அதக் குடிக்காதீங்க. அடுத்த மாசம் இன்னொரு வீட்டுல இருந்து வர்றாங்களாமுங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

ஆனால் இந்த உடம்பு இருக்கிறதே... அது யார் கல்யாணத்துக்காகவும் காத்திருப்பதில்லை. மூன்றாவது வாரம் தலைவலி போனது. நல்ல தூக்கம் வந்தது. வெறும் பால் இனித்தது. கேரட் பொரியலில் சீனி போட்டாயா என்று சந்திராவைக் கேட்டேன். ஒரு சிறுமலை வாழைப்பழத்தைப் பாயசம் மாதிரி ரசித்துச் சாப்பிட்டேன்.

கூடவே எரிச்சலும் போய்விட்டது. ஃபேனோடு சமாதானம். அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. கோபம் இல்லாவிட்டால் நான் பழைய "பேசிக்கலாம்" ஆசாமிதானே?

அடுத்த வீட்டார் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "கல்யாணத்துக்கப்பறமும் வேலைக்குப் போவோணும்னு புள்ளைக்கு இருக்குதுங்களா?"

கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். துளியும் இல்லை. கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழி? சும்மாவே சொல்ல வேண்டியதாயிற்று.

"ஆமாங்க. போகும். அதுல பேசறதுக்கு ஒண்ணுமில்லைங்க."

அந்த அம்மா என்னையும் கவிதாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போகட்டுமுங்க. வீட்டுக்குள்ளயே கெடந்து நான் பட்டது போதுமுங்க" என்று கேசரித் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

தை மாதம் கல்யாணம்.

போன வாரம் டாக்டரைப் பார்த்தேன். சுகர் இறங்கியிருக்கிறதாம். பி.பி.தான் கொஞ்சம் ஏறியிருக்கிறது - உப்பை நிறுத்தச் சொல்கிறார். விஷயம் தெரிந்ததும் நெய்க்காரப்பட்டியிலிருந்து போன்.

"அண்ணே, தை முடியட்டும். அதுவரைக்கும் நீ ஊறுகாய நல்லாத் தின்னு."