தண்ணீர் போன குறுக்குவழி

போன வாரம் மகன் தன் காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனான். வீட்டில் சும்மா இருப்பதற்குப் பதில் நானும் கூடப் போனேன். மெக்கானிக் ரேடியேட்டரின் அடிக்குழாயைக் கழற்றியதும் பச்சை நிறத்தில் தண்ணீர் கொட்டியது. அதற்கு ஒரு அசட்டுத் தித்திப்பு வாசனை. அதோடு சூடான ரப்பர் வாசனையும் சேர்ந்துகொண்டதும் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். வயசாகிவிட்டது என்று மகன் டீ வாங்கிக் கொடுத்தான். வயசு காரணமில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். நான் சங்கரன்கோவிலில் ஒரு பஞ்சு அரவை ஆலையில் பிட்டர். ‘பிட்டர்’ என்று சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சு நிமிரும், அந்த வயசு அப்படி. என் கூட்டாளி மீரான் கடையநல்லூர்க்காரன். பட்டாளத்தில் வண்டி ரிப்பேர் பார்த்துவிட்டுத் திரும்பி, எங்கள் ஊரில் வீடு எடுத்துத் தாயாரோடு இருந்தான். இரண்டு பேருக்கும் வண்டிப் பைத்தியம். ஏலத்துக்கு வந்த பட்டாள எஞ்சின் ஒன்று, யாரோ கழித்துப்போட்ட காரின் அடிச்சட்டம், இன்னொன்றின் ரேடியேட்டர் என்று பொறுக்கிச் சேர்த்து, ஆசாரியை வைத்து மரத்தில் உடம்பு கட்டி, ஒன்றரை வருஷத்தில் ஒரு கார் செய்தோம். ஊர் அதற்குக் கதம்பம் என்று பெயர் வைத்தது. எங்களுக்கு அதில் வருத்தமில்லை.

எல்லாம் சேர்ந்தும் ஒன்று மட்டும் குறை என்றான் மீரான். தெர்மாஸ்டாட். மதுரைக்குச் சொல்லிவிட்டு இரண்டு மாதம் காத்திருந்து வாங்கினான். உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைச் சாமான். மாட்டுவதற்கு முன்னால் சோதிக்க வேண்டுமென்று அவன் வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து அதற்குள் போட்டான். “கொழம்பு வைக்கிற சட்டில என்னத்தப்பா கொண்டாந்து போடுத?” என்று அவன் உம்மா சத்தம் போட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் சூடேறியதும் அதன் மூடி, தூங்கி விழித்தவன் கண் மாதிரி, மெதுவாகத் திறந்தது. வெளியே எடுத்து வைத்தால் தானாக மூடிக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எஞ்சினு ரொம்பக் குளுந்தும் இருக்கக்கூடாது, கொதிக்கவும் கூடாது வே” என்றான் மீரான். “காலம்பற ரேடியேட்டருக்குப் போற வழிய அடச்சுக்கிட்டு, தண்ணிய ஒரு குறுக்குவழியில எஞ்சினுக்குள்ளயே சுத்த விடும். சூடு ஏறுனா அந்த வழியத் தொறந்து, குறுக்குவழிய அடச்சிரும்.”

கேட்கும்போது புரிந்தது. ஆனால் அந்த மூடி திறந்ததென்னவோ அரை விரற்கடை. அவ்வளவு பெரிய எஞ்சினின் தண்ணீர் முழுவதும் இந்தச் சந்து வழியாகவா போகும்? ஆலையில் நான்தான் பிட்டர், எனக்குத் தெரியாததை இவன் சொல்கிறானே என்கிற புழுக்கமும் உள்ளே இருந்திருக்கும். ஒருநாள் குருவிகுளம் போய்வந்தபோது வெயிலில் எஞ்சின் சூடு கொஞ்சம் கூடியது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாள் மீரான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அதைக் கழற்றி என் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். வழி அகலமானால் தண்ணீர் தாராளமாக ஓடும், எஞ்சின் குளிரும், பிறகு சொல்லிப் பெயர் வாங்கலாம் என்பது என் கணக்கு.

மூன்றாம் நாள் காலையில் ஆலையில் வேலம்மாளின் வலது கை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. பஞ்சு அள்ளிப் போடுகிறவள், இருபது வயசு இருக்கும். உள்ளூர் டாக்டர் கட்டுப் போட்டு, உடனே பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனால் கையைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். முதலாளியின் கார் வெளியூர் போயிருந்தது. கதம்பம்தான் இருந்தது. மீரான் ஓட்டினான். பக்கத்தில் நான், பின்சீட்டில் வேலம்மாளும் அவள் தாயாரும்.

தேவர்குளம் தாண்டி எஞ்சின் கொதித்தது. ரேடியேட்டர் மூடியைத் திறக்க முடியாமல் ஆவி சீறியது. சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் வெடித்துவிடும், ஆறும்வரை நிற்கத்தான் வேண்டும். மீரான் விசிறி பெல்ட்டைப் பார்த்தான். ரப்பர் குழாய்களைத் தடவினான். தெர்மாஸ்டாட்டைச் சந்தேகிக்கவே இல்லை. அதுதான் அவன் கையால் சோதித்துப் போட்டதாயிற்றே. நான் பக்கத்தில் நின்று அவனோடு சேர்ந்து தேடுகிற மாதிரி பாவனை பண்ணினேன். பின்சீட்டில் வேலம்மாள் சத்தமே போடவில்லை. அவள் கத்தியிருந்தால் நான் முன்னாலேயே சொல்லியிருப்பேனோ என்னவோ.

தண்ணீர் ஊற்றிப் புறப்பட்டு இரண்டு மைல் போவதற்குள் மறுபடியும் கொதித்தது. மீரான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். “எனக்குத் தெரியலயே வே” என்றான். அவன் வாயில் அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“தெர்மாஸ்டாட்ட நான் களத்திட்டேன்” என்றேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். பிறகு இறங்கிப்போய் உடைமரத்தில் ஒரு கொம்பை ஒடித்துச் சீவ ஆரம்பித்தான். சீவிக்கொண்டே சொன்னான்: “வழி ரெண்டு இருந்தா தண்ணி சுருக்கு வழியிலதான் போவும். ரேடியேட்டருக்குப் போவணும்னு அதுக்கு என்ன தலயெழுத்தா? மூடுததுக்கு ஆளு வேணும்லா.”

குறுக்குக் குழாயின் வாயில் அந்தக் கட்டையை ஆப்பு மாதிரி அடித்து இறுக்கி, மேலே கம்பி சுற்றினான். பக்கத்துக் கிணற்றிலிருந்து நான் தண்ணீர் சுமந்தேன். அதற்கப்புறம் வண்டி பாளையங்கோட்டைவரை ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது வேலம்மாள் மயங்கியிருந்தாள்.

கை தப்பியது. இரண்டு விரல்கள் தப்பவில்லை. வழியில் நாங்கள் நின்ற நேரம் முக்கால் மணிக்குக் குறையாது. சீக்கிரம் வந்திருந்தால் அந்த விரல்களும் இருந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மீரானும் கேட்கவில்லை. ஆலையில் விசாரித்தவர்களிடம் “பழைய எஞ்சினு, கொதிச்சிட்டு” என்று மட்டும் சொன்னான். என்னிடம் அதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை. முன்மாதிரியே சிரிப்பான், டீ குடிக்கக் கூப்பிடுவான். ஆனால் எஞ்சின் மூடியைத் திறந்தால் என்னைப் பக்கத்தில் கூப்பிடுவது நின்றுபோனது. இரண்டு வருஷத்தில் கொழும்புக்குப் போனான். அங்கேயே மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டதாகச் சேதி வந்தது.

வேலம்மாள் பிறகு பஸ் நிற்கிற இடத்தில் வெற்றிலைக் கடை போட்டாள். ஏழெட்டு வருஷம் கழித்து, வேறு யாருமில்லாத ஒரு மத்தியானம், நான் செய்ததை அவளிடம் சொன்னேன். மூன்று விரலால் வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“தெரியும் அண்ணாச்சி. பின்சீட்டுலதான கெடந்தேன், காது கேக்காதா? அன்னைக்கே சொல்லிட்டியள்லா. சொல்லாம இருந்திருந்தா இன்னும் அங்கனதான நின்னுருப்போம்.”

முதல் தடவை நின்றபோதே சொல்லியிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிவிட்டார்கள். அவள் வெற்றிலையை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள்.

ஆலை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். கதம்பத்தைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். வேலம்மாள் இறந்துபோய் ஆறு வருஷமாகிறது. பாளையங்கோட்டை ரோட்டில் இன்றைக்குப் போகிற வண்டி எதுவும் தேவர்குளத்துக்கு அப்பால் ஆறுவதற்காக நிற்பதில்லை. அங்கே நாங்கள் நின்ற முக்கால் மணி நேரத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு இனி நான் ஒருவன்தான். கேட்பதற்கு யாரும் இல்லை.