பச்சியப்பன் தந்த நற்சான்று

ஏரியூரை ஒட்டிய ஒரு சிற்றூருக்குத் தண்ணீர் விடுகிறவர் பச்சியப்பன். பஞ்சாயத்தில் அந்த வேலைக்கு டேங்க் ஆபரேட்டர் என்று பெயர். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தண்ணி உடறவர் என்றால்தான் தெரியும். விடிந்ததும் மோட்டார் ரூமைத் திறந்து, கீழ்த்தொட்டியில் வந்து நிற்கிற ஒகேனக்கல் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றி, தெருவுக்குத் தெரு முறை வைத்து வால்வைத் திருப்ப வேண்டும். கடைசி வீட்டுக்கு நாலு குடம் குறைந்துபோனால் அன்றைய ஏச்சு முழுவதும் அவருக்குத்தான். இத்தனை வருஷம் ஏச்சு வாங்கியும் மனிதர் முகம் சுண்டியதில்லை.

தண்ணீரைத் தவிர இன்னொரு காரியத்துக்கும் ஊருக்கு அவர் வேண்டியிருந்தது. சரியாகச் சொன்னால் அவருடைய கட்டைவிரல் வேண்டியிருந்தது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற பையன்களுக்குச் சிமெண்ட் அரித்து விரலில் ரேகையே இருக்காது. சிம் வாங்கக் கடையில் விரலை வைத்தால் மிஷின் ஏற்காது. சிலருக்கு ஆதாரில் பிறந்த வருஷம் தப்பு, சிலருக்கு இன்னும் வயதே ஆகவில்லை. பச்சியப்பன் விரலை வைத்தால் மட்டும் முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்துவிடும். அதனால் பெங்களூர் பஸ் ஏறப்போகிற பையன் முதலில் இவரைக் கூட்டிக்கொண்டு செல்போன் கடைக்குப் போவான். இவரும் ஆதார் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சம்பந்தம் பேசப் போகிற மிடுக்கோடு புறப்பட்டுவிடுவார். அவர் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று அவருக்கே தெரியாது. யாராவது கேட்டால், "நம்ம பசங்கதான, எங்க போயிடப் போறானுங்க" என்பார். இல்லை என்று சொல்ல வராத மனிதர். அதைத் தங்கமான குணம் என்பதா, கூறுகெட்டத்தனம் என்பதா என்பது சொல்கிறவர் பாடு.

கொஞ்ச காலமாக யாருக்குப் போன் போட்டாலும், மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு குரல் வந்து ஏதோ எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்தது. அது ஓய்கிற வரைக்கும் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பது பச்சியப்பன் வழக்கம். எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற இரண்டு சொல் மட்டும் காதில் விழுந்து தங்கிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்டதே இல்லை.

அந்த நாள் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு ரூமுக்குள் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. எடுத்தால் வீடியோவில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர். பின்னால் கொடி, மேசை, மேசைமேல் தொப்பி.

"வணக்கம். பச்சியப்பன் அவர்களா பேசறது?"

பச்சியப்பன் எழுந்து நின்றுவிட்டார். ஆபீஸிலிருந்து கூப்பிடுகிறவர்கள் "யோவ் பச்சியப்பா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆயுளில் ஒருத்தரும் அவரை 'அவர்கள்' என்றதில்லை. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர் மிகப் பெரிய அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டார்.

"உங்க பேர்ல இருக்கற சிம்ல இருந்து நிறைய பேரை மோசடி பண்ணியிருக்காங்க. உங்க மேல வழக்கு பதிவாயிருக்கு."

வேறு யாராக இருந்தாலும், என்னிடம் இருப்பது இந்த ஒரு சிம்தானே என்று வாதாடியிருப்பார்கள். பச்சியப்பனுக்கு அந்த வசதி இல்லை. அவர் பயந்துபோய்க் கேட்டது வேறு.

"எந்த சிம்முங்க சார்?"

இப்படி ஒரு பதிலை அந்த ஆளும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

"எத்தனை சிம் வச்சிருக்கீங்க?"

"நானு ஒண்ணுதாங்க வச்சிருக்கறன். மத்ததெல்லாம் பெங்களூர்ல வேல செய்யற பசங்ககிட்ட இருக்குதுங்க."

"பெங்களூர்ல யூஸ் ஆகற சிம்," என்றார் அதிகாரி, குரலைத் தாழ்த்தி. "நீங்க இப்ப டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க. ரூமை விட்டு வெளியே போகக்கூடாது. போனைக் கட் பண்ணக்கூடாது. வீட்லகூட யார்கிட்டயும் பேசக்கூடாது. இது ரகசிய விசாரணை."

அந்தச் சொல்லைக் கேட்டதும் பச்சியப்பனுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. சர்க்காரே தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்த சமாசாரம் அல்லவா அது. முன்னாலேயே காது கொடுத்துக் கேட்டிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டார். பாவம், நொந்துகொண்டது சரிதான், காரணம்தான் தலைகீழ்.

அதிகாரி பேங்க் விவரம் கேட்டார். இவர் ஒளிக்காமல் சொன்னார். சம்பளம் வந்த கையோடு வீட்டுக்காரியின் மகளிர் குழுக் கடனுக்குப் போய்விடும், கணக்கில் ஒன்றும் நிற்பதில்லை. அதைக் கேட்ட அதிகாரியின் மரியாதை கொஞ்சம் குறைந்தது. நகை, நிலம், ஆடு, மாடு என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் பச்சியப்பன் உதட்டைப் பிதுக்கினார்.

அந்த நேரம் பார்த்து வெளியே சோவென்று சத்தம் கேட்டது. மேல்தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்துவிட்டது. குடிக்கிற தண்ணீர் மண்ணில் கொட்டுகிறது. இந்தப் பக்கத்தில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. பச்சியப்பன் கதவுப் பக்கம் திரும்பினார். சுவிட்ச் இருந்தது வெளிச்சுவரில்.

"சார், டேங்கு வழியுதுங்க. மோட்டார ஆஃப் பண்ணிட்டு ஒரே ஓட்டமா வந்துடறங்க."

"அசையக்கூடாது. வெளியே காலை வச்சா லோக்கல் போலீஸ் வந்து விலங்கு மாட்டும். அந்த சிம்மை யூஸ் பண்றது யாருன்னு பேரைச் சொல்லுங்க. உங்களை இப்பவே விட்டுடறோம்."

பெங்களூர் என்றதுமே அவர் மனம் சின்னராஜைச் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லியின் மகன் அவன். அப்பன் இல்லாத பையன், சென்ட்ரிங் வேலை செய்கிறான். அவன் சிம்மும் இவர் விரல் வைத்து வாங்கியதுதான். ஊரில் ஆத்தாளுக்கு மாடி வைத்து வீடு கட்டுகிறான். போன தைக்கு அஸ்திவாரம் போட்டது, அதற்குள் சுவர் கதவு, ஜன்னல் உயரம் ஏறி லிண்டல் மட்டம் வந்துவிட்டது. சென்ட்ரிங் கூலியில் இவ்வளவு சீக்கிரம் எப்படி ஏறும் என்று பச்சியப்பனுக்கு ஏற்கெனவே ஒரு குடைச்சல் இருந்தது. தன் ஓட்டுவீட்டின் நிழலில் உட்கார்ந்து அந்தச் சுவர் உயர்வதைப் பார்த்துப் பார்த்து வந்த குடைச்சல். அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க அவர் ஒப்பவில்லை.

வெளியே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பெண்கள் குரல் வேறு கேட்டது.

"சின்னராஜுங்க," என்றார் பச்சியப்பன்.

சொன்னதுமே மனசு உறுத்தியது. உறுத்தலைத் தீர்க்க அவர் செய்ததுதான் பெரிய கூத்து. "ஆனா நல்ல பையனுங்க சார். பீடி, குடி ஒண்ணும் கெடையாது. சம்பாரிக்கறத பூராவும் ஆத்தா பேர்லதான் போடறான். வூடு கட்டறான், லிண்டல் மட்டம் வந்துட்டுதுங்க. மேஸ்திரி கூலி கூட அந்தம்மாதான் எடுத்துக் குடுக்குது. அவன் அப்படியெல்லாம் பண்ணமாட்டானுங்க." ஒருத்தனுக்காகப் பரிந்து பேசுவதென்றால் இந்த ஊரில் இப்படித்தான் பேசுவார்கள். கூடவே, கேட்டதும் செல்லியின் போன் நம்பரையும் கொடுத்தார்.

அதிகாரியின் குரலில் பழைய மரியாதை திரும்பி வந்தது. "ரொம்ப நன்றி, பச்சியப்பன் அவர்களே. சாயந்திரம் வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

ஓடிப்போய் மோட்டாரை அணைத்தார். தொட்டியடி முழுவதும் சேறு. குடத்தோடு நின்ற பெண்கள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள். "தூங்கிட்டியா, என்னா கேடு உனுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். செல்லி மட்டும், "உடு ஆயா, அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல போல. மூஞ்சியப் பாரு" என்றாள்.

அவளிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தார். ரகசிய விசாரணை என்றது நினைவுக்கு வந்தது. சொன்னால் அவனைத் தப்பவிட்ட குற்றமும் தன் மேல் ஏறுமோ? சொல்லாவிட்டால் பையன் கதி என்ன? அவன் செய்திருப்பானா? செய்யாவிட்டால் போலீஸ் ஏன் கூப்பிட வேண்டும்? போலீஸ் என்றால் அத்தனை விவரம் வைத்திருப்பவர்கள் பையன் பேரைத் தன்னிடம் ஏன் கேட்க வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். அதற்குள் வடக்குத் தெருவுக்கு வால்வு திருப்பும் நேரம் வந்துவிட்டது, போய்விட்டார்.

வால்வைத் திருப்பினாரே தவிர எந்தத் தெருவுக்குத் திருப்பினோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஒரே தெருவுக்கு இரண்டு தடவை தண்ணீர் போயிற்று. வெயில் ஏறி வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனது ஆகட்டும், பையனையே கேட்டுவிடலாம் என்று சின்னராஜுக்குப் போன் போட்டார். வழக்கமான குரல் வந்தது. போனைத் தள்ளிப் பிடிக்கக் கை போனது. அன்றைக்கு என்னவோ தள்ளிப் பிடிக்கவில்லை. போலீஸ் என்றும் சர்க்கார் ஆபீஸ் என்றும் சொல்லி வீடியோவில் மிரட்டுகிறவர்கள் மோசடிக்காரர்கள், டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது, ஏமாந்தால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள் என்று அது முழுதாகச் சொல்லி முடித்தது. இது சர்க்கார் குரல் என்றால் காலையில் வந்தது யார்? அது சர்க்கார் என்றால் இந்தக் குரல் யாருடையது? சின்னராஜின் போன் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது.

வாசலில் செல்லி நின்றாள். கையில் போன், தலைமுடி கலைந்து, அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணா, மோசம் போயிட்டன்ணா. எம்மவன அரெஸ்ட் பண்ணிட்டம், விடணும்னா பணம் போடுன்னானுங்க. போட்டுட்டன். லிண்டலுக்கு மேல கட்டறதுக்கு வச்சிருந்ததெல்லாம் போட்டுட்டன். மனசு கேக்காம அவனுக்கு அடிச்சா, மேஸ்திரிகூட டீ குடிச்சிக்கினு இருக்கறன்றான். 1930க்கு உடனே பேசு, பச்சியப்பண்ணங்கிட்ட போ, அவரு பேசுவாருன்னான்."

பச்சியப்பன் கைகளைப் பிசைந்தார். "நீ எப்படி செல்லி நம்புன?"

"நம்பாம என்ன பண்றது? பையன் நல்லவனாம், குடிக்கமாட்டானாம், வூடு லிண்டல் மட்டம் வந்துட்டுதாம், மேஸ்திரிக்கு நாந்தான் கூலி குடுக்கறனாம். எல்லாத்தையும் புட்டுப்புட்டு வெக்கறான். உங்க ஊர்க்காரரே சொன்னாருன்றான். போலீஸா இல்லாட்டி இவ்ளோ எப்படிண்ணா தெரியும்? அதக் கேட்டுத்தான் போட்டுட்டன்."

பச்சியப்பன் கொடுத்த நற்சான்றுதான் அவளை நம்ப வைத்திருக்கிறது. பழி சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கேடு வந்திருக்காது.

பேசுகிற நேரம் இல்லை. இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து, ஸ்பீக்கரைப் போட்டு 1930க்கு அடித்தார்கள். ஒரு பெண் குரல் எடுத்தது. பேர், ஊர் கேட்டதும் பச்சியப்பன் திகைத்துப் போனார். இதுவும் போன், இதுவும் சர்க்கார், இதுவும் விவரம் கேட்கிறது. சொல்லலாமா, கூடாதா? செல்லி அவர் முழங்கையை இடித்தாள். இந்த நம்பரை நாமாகத்தானே கூப்பிட்டோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. பணம் போன நேரம், மெசேஜில் வந்த எண் எல்லாவற்றையும் அவள் காட்டக் காட்டப் படித்துச் சொன்னார்.

"பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி அனுப்பிட்டோம்ங்க," என்றது அந்தக் குரல். "முழுசா வரும்னு உறுதி சொல்ல முடியாது. ஆனா சீக்கிரமே கூப்பிட்டீங்க, அது நல்லது. யாருக்கும் ஓடிபி சொல்லாதீங்க. பணத்தை மீட்டுத் தர்றோம்னு வேற யாராவது கூப்பிட்டாலும் நம்பாதீங்க. இன்னொண்ணு கேக்கணும். உங்க பையனைப் பத்தி இவ்வளவு விவரம் அவங்களுக்கு எப்படிப் போச்சு?"

"அதாங்க தெரியல," என்றாள் செல்லி. "எவனோ எங்க ஊர்க்காரன் சொல்லியிருக்கறான். கையில கெடச்சா தெரியும்."

பச்சியப்பன் தரையைப் பார்த்தார். சும்மா இருந்தால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. அந்த ஏமாற்றுக்காரன் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. நாளைக்கும் செல்லி குடத்தோடு வருவாள், அண்ணா என்று கூப்பிடுவாள். அந்த அண்ணாவைத்தான் அவரால் தாங்க முடியாது என்று தோன்றியது.

"நாந்தாங்க சொன்னன்," என்றார்.

செல்லி திரும்பிப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

"சரியா கேக்கலைங்க," என்றது போன். "யாருன்னு கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

செல்லி தரையில் கிடந்த போனை எடுத்து அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"கேக்கலயாம்ணா. சத்தமா சொல்லு."

பச்சியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவில் குடத்தோடு போகிறவர்களுக்கும் கேட்கும்படி, தன் பேரைச் சொன்னார்.