ரிப்போட் வருமுன் கேட்ட மன்னிப்பு

பல் பிடுங்கப் போன இடத்தில்தான் இது தொடங்கியது. கடைவாய்ப் பல் ஒன்று ஒரு மாதமாக ஆட்டம் கண்டிருந்தது. பல் டொக்டர் என் மகளின் வயதுப் பிள்ளை. வாயைத் திறக்கச் சொல்லி லைட்டைப் பிடித்தவள், பல்லைப் பார்க்காமல் அதற்கும் அப்பால் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"டீச்சர், இடப்பக்க டொன்சில் எவ்வளவு நாளா இப்பிடிப் பெரிசா இரிக்கி?"

வாய்க்குள் இரும்பை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. இருபத்தாறு வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். கேள்வி கேட்டால் பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். தெரியாது என்று கையை ஆட்டினேன். காய்ச்சல் வந்ததா, விழுங்க நோவா என்று கேட்டாள். இரண்டும் இல்லை. நோவு இல்லை என்றதும் அவளுடைய முகம் தெளியும் என்று பார்த்தேன். தெளியவில்லை. பல்லைப் பிடுங்கிப் பஞ்சை வைத்து, தொண்டை டொக்டரிடம் காட்டச் சொல்லித் துண்டு எழுதித் தந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் சிரித்தார். "வகுப்பில கத்திக் கத்தி வீங்கியிருக்கும். தவளையும் தன் வாயால கெடும் எண்டு சும்மாவா செல்லி வெச்சாங்க." நானும் சிரித்தேன். என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும்.

ஆஸ்பத்திரி வாங்கில் காலையிலிருந்து நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும் வரை இருந்தோம். டொக்டர் சிங்களவர், தமிழை நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். இரண்டு தாடைகளுக்கும் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். வலது பக்கத்தை உடனே விட்டார், இடது பக்கத்தில் விரல்கள் கொஞ்ச நேரம் நின்றன. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுத் தொண்டைக்குள் பார்த்தார். கண்ணீர் தானாக வழிந்தது.

"ஒரு பக்கம் மட்டும் வளந்தா விட்டு வைக்க ஏலாது. எடுத்திட்டுச் சோதிக்கணும்."

"கேன்சரா டொக்டர்?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த கணவர் என் கையைப் பிடித்தார், அந்தச் சொல்லை நான்தான் கூப்பிட்டு வந்து கதிரையில் இருத்தியதுபோல.

"இப்ப சொல்ல ஏலாது. இல்லாமலும் இருக்கலாம்," என்றார் அவர். பொய் சொல்லாத மனிதர். ஆனால் அன்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் கோபித்திருக்க மாட்டேன்.

மயக்கம் தந்து எடுத்தார்கள். விழித்தபோது யாரோ தொண்டைக்குள் அடுப்புத் தணலை வைத்துவிட்டுப் போனது போலிருந்தது. நோவு காது வரைக்கும் இழுத்தது. என் சதை ஒரு சின்னப் போத்தலில் சோதனைக்குப் போனது, நான் வீட்டுக்கு வந்தேன். ரிப்போட்டுக்கு மூன்று கிழமை செல்லும் என்றார்கள். அதுவரை கத்தக் கூடாது, காரம் கூடாது, சூடு கூடாது. கத்தக் கூடாது என்றதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

வீடு என்றால் பின்பக்கத்து இரண்டு அறை. முன்வீட்டை எங்கள் வழக்கப்படி மகளுக்குக் கலியாணத்தோடு கொடுத்துவிட்டோம். வாப்பா தன் வளவை இரண்டாகப் பிரித்து, எனக்கு மூத்தவளான ராத்தாவுக்கும் எனக்கும் தந்தவர். இடையில் ஒரு மதில், மதிலில் ஒரு சின்னக் கேற். அந்தக் கேற்றுக்குப் பூட்டு வாங்கியதே இல்லை. ராத்தா காலையும், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகும் பாற்கஞ்சி காய்ச்சி, ஆற வைத்து, அந்த வழியால் அனுப்புவாள். கொண்டு வருவது அவளுடைய மகள். இருபத்தெட்டு வயது, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள், இன்னும் கலியாணம் ஆகவில்லை. "சாச்சி, கரண்டியால குடிங்க, அள்ளி ஊத்தாதீங்க" என்று எனக்கே பாடம் நடத்துவாள்.

இனி ஊர். கணவர் சவளக்கடை வயலுக்குப் போன இடத்தில் ஒருவரிடம் மட்டும் சொன்னாராம். அவர் ஒருவரிடம் சொன்னால் அது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. மறுநாளிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். என்னால் விழுங்க முடியாத பிஸ்கட் பக்கெற்றுகள் மேசையில் கூரை வரைக்கும் ஏறின. ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "அந்த வருத்தமா இரிக்காது, யோசிக்காதீங்க" என்றார்கள். பிறகு அந்த வருத்தத்தில் மௌத்தாகி அடக்கமானவர்களின் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிவிட்டு எழும்பினார்கள். என்னால் கதைக்க முடியாது என்பது அவர்களுக்கு நல்ல வசதி.

பத்தாம் நாள் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். பிள்ளைகளுடைய படிப்பைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தாள். எழும்பும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், எங்கட கோழி உங்கட மரக்கறிப் பாத்தியக் கிளறின நேரம் நான் கூடாத கத கதைச்சிட்டன். மனசில வெச்சிக்காதீங்க. மன்னிச்சிக்கங்க."

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்த்தான் இப்படிக் கேட்பார்கள். இல்லாவிட்டால் சாகப் போகிறவர்களிடம் மற்றவர்கள் வந்து கேட்பார்கள். மனிதருக்கு மனிதர் செய்த பிழையை அந்த மனிதர் மன்னிக்காமல் அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்பது எங்கள் நம்பிக்கை. ஆளே போய்விட்டால் பிறகு யாரிடம் கேட்பது? அவள் ஹஜ்ஜுக்குப் போகவில்லை. தலையை ஆட்டி மன்னித்தேன். டொக்டரின் விரல்கள் தராத பயத்தை அந்தக் கோழிக்காரி தந்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகு நான் என்னைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். யோசிக்க நிறைய இருக்கவில்லை, ஒன்றுதான் இருந்தது.

நான்கு வருடங்களுக்கு முன் ராத்தாவின் மகளுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை படித்தவர், குடும்பமும் தங்கமான குடும்பம். மாப்பிள்ளையின் உம்மா எனக்கு இரகசியமாகப் போன் எடுத்தார். பெண்ணின் குடும்பத்துக்குள்ளேயே ஒருவரிடம் விசாரிப்பது இங்கே எல்லாரும் செய்வதுதான். அப்போது என் மகளுக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது, ஒரு சம்பந்தமும் அமையவில்லை. "நல்ல புள்ள. சின்ன வயசில வலிப்பு வந்தது, இப்ப ஒண்டுமில்ல," என்றேன். மூன்று வயதில், காய்ச்சல் கூடி, ஒரே ஒரு தடவை வந்த வலிப்பு. பொய் சொல்லவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பொறாமை, வேறொன்றுமில்லை. அவர்கள் அதற்குப் பிறகு வரவேயில்லை. ராத்தா அழுதபோது பக்கத்தில் இருந்து அவளுடைய முதுகைத் தடவிவிட்டதும் நான்தான். பிறகு வந்த இரண்டு சம்பந்தங்களும் நின்றுபோயின. ஒரு கதை கிளம்பினால் அது எங்கள் ஊரில் எல்லா வாசலுக்கும் போகும்.

பன்னிரண்டாம் நாள் கஞ்சியை ராத்தாவே கொண்டுவந்தாள். கதவைச் சாத்தச் சொன்னேன். அரைக் குரலில், நோவோடு, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவளுடைய கையில் இருந்த கோப்பையைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

ராத்தா கோப்பையை மேசையில் வைத்தாள், பிஸ்கட் பக்கெற்றுகளை ஒதுக்கி இடம் பண்ணி, பதனமாக வைத்தாள்.

"நான் மன்னிச்சிட்டன்," என்றாள். "நீ நிம்மதியா இரி. மகள்ட்ட மட்டும் செல்லிராத. தாங்க மாட்டாள்."

அழுதுகொண்டே என் நெற்றியில் முத்தமிட்டாள். அன்று எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! இனி ரிப்போட் எதையும் சொல்லட்டும் என்று நினைத்தேன். அந்தக் கிழமை முழுவதும் கஞ்சி வந்தது, முன்னரைவிட நேரத்துக்கு வந்தது.

ரிப்போட்டுக்குக் கணவரோடு பஸ்ஸில் போனேன். டொக்டர் தாளை இரண்டு தடவை வாசித்தார். அந்த இரண்டாவது தடவைக்குள் நான் என்னைச் சுற்றி அடக்கும் கபன் துணியை வெட்டி முடித்திருந்தேன்.

"கேன்சர் இல்ல. பழைய அழற்சி, அதான் வீங்கியிருக்கு. ஆறு மாசத்தால ஒருக்கா வாங்க."

கணவர் தரையில் குந்தி அழுதார், என் கணவர், ஒரு கலியாண வீட்டிலும் ஒரு மையித்து வீட்டிலும் அழாத மனிதர். நானும் அழுதேன். வெளியே வந்ததும் வெயில்கூட எனக்கு இனித்தது. கல்முனைச் சந்தையில் இறங்கி இரண்டு பெரிய மீன் வாங்கினோம், ஒன்று எங்களுக்கு, மற்றது ராத்தாவுக்கு.

மீன் பையோடு மதில் கேற்றைத் திறந்தேன். ராத்தா குசினி வாசலில் நெத்தலி துப்புரவு செய்துகொண்டிருந்தாள். சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மன்னித்த அன்றுகூட அவள் என்னை இப்படி நேராகப் பார்க்கவில்லை.

"நீ மௌத்தாகப் போறாய் எண்டு நெனச்சித்தான் மன்னிச்சன்," என்றாள். "இனி என்ன செய்யிற எண்டு எனக்குத் தெரியல்ல புள்ள."

மீனை வாங்கிக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. திரும்பி வந்து கேற்றை மெதுவாகச் சாத்தினேன்.

அஸருக்குப் பிறகு கேற் திறந்தது. ராத்தாவின் மகள், கையில் கஞ்சிக் கோப்பை. உம்மாவுக்குத் தலையிடியாம், படுத்துவிட்டாளாம், இவளே காய்ச்சியதாம். யாரோ போனில் செய்தி சொல்லியிருக்கிறார்கள். கோப்பையை வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"சாச்சி, ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்குத்தான் துஆக் கேட்டன். எனக்கெண்டு ஒண்டுமே கேக்கல்ல."

நான் கரண்டியை எடுத்தேன். அவள் பக்கத்தில் இருந்து, நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் நோவு கொஞ்சமும் இல்லை.