காவக்காரியின் வலப்பக்கம்

காதுகுத்து பேனரில் தாய்மாமன் முகத்தை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கிவிட்டு, சந்திரகலா மறுபடி கப்பலுக்கு வந்துவிட்டாள். வேங்கிக்காலில் அவள் வேலை செய்யும் ஃப்ளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் எப்போதும் இரண்டு ஃபைல் திறந்திருக்கும். ஒன்று ஊரார் காரியம், மற்றது விண்வெளிப் போர்க்கப்பல். கண்ணீர் அஞ்சலி பேனரைச் சரிபார்க்க வந்த பெரியவர் ஒருவர், செத்துப்போன மச்சானுக்குப் பக்கத்தில் பீரங்கி முளைத்திருப்பதைப் பார்த்து ஆடிப்போய்விட்டார். "அது வேற ஃபைலுங்க, பயப்படாதீங்க" என்றாள்.

அவள் அடி அண்ணாமலை ஊர்க்காரி. கிரிவலப் பாதையை ஒட்டியே வீடு. மலையை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றிச் சுற்றி வளர்ந்த உடம்பு. ஃபேன் சுவிட்ச் அவளுக்கு வலப்பக்கச் சுவரில்தான் இருக்கிறது, எட்டி அழுத்தினால் ஆயிற்று. அவளோ எழுந்து, இடப்பக்கமாகப் போய், மேஜையை முழுசாக வலம் வந்துதான் அழுத்துவாள்! "இந்தப் பக்கமாப் போனா எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுடி" என்பாள். கேட்டுச் சிரிப்பது சினேகா. வலப்பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவள். மத்தியானச் சாப்பாடு இரண்டு பேருக்கும் ஒரே டப்பாதான்.

ஞாயிற்றுக்கிழமை கடை மாடியில் ஆட்டம். பகடையை உருட்டி, வாயாலேயே விண்வெளிக் கதை சொல்லிப் போகிற ஆட்டம். கதையை நடத்துகிறவர் அர்ஜுனன், பேங்க்கில் வேலை. அகதிகளை ஏற்றிவரும் பெரிய கப்பலுக்கு சினேகா கேப்டன். அதற்குத் துணைக்குப் போகிற சின்னப் போர்க்கப்பலை வரைந்து, கட்டி, ஓட்ட வேண்டியவள் சந்திரகலா. 'காவக்காரி' என்று பெயரும் வைத்துவிட்டாள். அது வெடித்தால் அவளும் போனாள், இரண்டு வருஷமாக உயிரைக் கொடுத்து ஆடிய கதையிலிருந்து வெளியே. அர்ஜுனன் அதில் ஈவிரக்கம் பார்க்கிற ஆள் இல்லை.

கப்பல் இவ்வளவு எடைதான் இருக்கலாம் என்று வரம்பு உண்டு. சந்திரகலா இருக்கிற பீரங்கி, கவசம் எல்லாவற்றையும் இடப்பக்கமே அடுக்கிவிட்டாள். வலப்பக்கம் வெறும் தகடு.

"இன்னாக்கா இது, ஒரு பக்கம் மொட்டையா கீது?" என்றாள் சினேகா.

"வலப்பக்கம் நீ வர்ற. நான் உன்னைச் சுத்திக்கினே வருவேன். எதிரி வெளியேருந்துதான வருவான்? கிரிவலத்துல நாம இடது ஓரமாத்தான போறோம்? மலைப் பக்கம் சித்தருங்க நடக்கறதுக்கு விட்ருவோம் இல்ல? அங்க போயி எவளாவது பீரங்கி வெப்பாளா?"

சொன்னதோடு நின்றாளா? தகட்டைப் பெரிதாக்கிக் காட்டினாள். எங்கே மெல்லிசு, எதன் பின்னால் எரிபொருள் தொட்டி, அத்தனையும். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. சினேகா ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

போன ஞாயிறு எதிரிகள் வந்தார்கள். அடேயப்பா, காவக்காரி அடித்த அடி! இடப்பக்கத்துப் பீரங்கிகள் வந்த கப்பலையெல்லாம் தூள் தூளாக்கின. சந்திரகலா நாற்காலியில் உட்காரவே இல்லை. அர்ஜுனன் சினேகா பக்கம் திரும்பி, "உங்க முறைங்க" என்றார்.

சினேகா தலை நிமிரவில்லை. "பெரிய கப்பல் சுடுது."

"சுடு, சுடு! யாரை?" என்று குதித்தாள் சந்திரகலா.

"காவக்காரியை. தொட்டிக்கு நேரா."

சந்திரகலாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை. சினேகாவின் கேப்டன் எதிரியோடு சேர்ந்து ஒரு மாசம் ஆகிறதாம். அது அர்ஜுனனுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியுமாம். ஆட்டத்தில் அதற்கெல்லாம் இடம் உண்டாம். பகடை உருண்டு ஆறில் நின்றது. காவக்காரி போய்விட்டாள்.

சந்திரகலா பகடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு மாசமா? ஒரு மாசமும் ஒரே டப்பாவில் தயிர்சாதம் தின்றாளே, பாவி! ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தாளே!

"நாந்தானேடி காட்டுனேன் உனக்கு" என்றாள் கடைசியில்.

"கேம்தானக்கா..." சினேகாவின் குரல் உள்ளே போயிருந்தது. "கோவிச்சிக்கினியா?"

"சேச்சே. கேம்தான."

"புதுக் கதை ஆரம்பிச்சா கூப்புடுறேங்க. அப்போ ரெண்டு பக்கமும் பீரங்கி வெச்சிடுங்க" என்றார் அர்ஜுனன். அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். சந்திரகலா தலையாட்டிவிட்டுப் படியிறங்கி, ஸ்கூட்டியை எடுத்து, பாதி வழி போன பிறகுதான் செருப்பை மாடியிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

திங்கட்கிழமை முதல் ஆளாக வந்து கடையைத் திறந்தாள். காவக்காரி ஃபைலை எடுத்து வலப்பக்கத்தில் ஒரு பீரங்கி வைத்துப் பார்த்தாள். கண்கொண்டு பார்க்க முடியவில்லை, அழித்துவிட்டாள். வெளியே சினேகாவின் வண்டிச் சத்தம் கேட்டது. சந்திரகலா எழுந்து, வலப்பக்கம் கிடந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்த் தனக்கு இடப்பக்கம் போட்டாள்.