நசீருதீனின் தலையணை

“பயம்ங்கற சரக்கு நம்மகிட்ட ஸ்டாக் இல்லீங்க. வேணும்னா பக்கத்துக் கடையில கேளுங்க.”

கடத்தூர் வெற்றிலை மண்டியில் ஏலம் கூவும் நசீருதீன் இப்படிச் சொன்னது 1986-இல், நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷனுக்காக மெட்ராஸ் பஸ் ஏறும்போது. வழியனுப்ப வந்த ஊருக்கு மெய்சிலிர்த்தது. அவர் ஏலக்குரலுக்குக் கூரை ஓடே அதிரும். அப்பேர்ப்பட்ட நெஞ்சைத் திறக்கப்போகும் டாக்டரை நினைத்துத்தான் நாங்கள் கவலைப்பட்டோம்.

இதய வால்வை மாற்றி, கையில் ஒரு தலையணையும் கொடுத்து அனுப்பினார்கள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு தினமும் இருமிச் சளியை வெளியேற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. நசீருதீன் தலையணையை அணைத்தார், இருமவில்லை. இருமினால் தையல் பிரிந்துவிடும் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். பேச்சும் கிசுகிசுப்பாகிவிட்டது.

ஊர் தன் பங்குக்கு உதவியது. அவர் வீடு மண்டிக்கு நேர் எதிரே. சத்தம் கேட்டால் புது வால்வு நின்றுவிடும் என்று கூடிப் பேசித் தீர்மானித்து, பஸ் ஹாரனை நிறுத்தினோம். ஏலத்தையே மாட்டுச் சந்தை வழக்கப்படி, துண்டுக்கடியில் விரல் பிடித்து நடத்தினோம். இருநூறு பேர் வாய் திறக்காமல் வெற்றிலை வாங்கிய அந்த அதிசயத்தை ஜன்னல் வழியே பார்த்த நசீருதீன், தன்னிடம் மறைத்த ஏதோ கெட்ட சேதியை டாக்டர் ஊரிடம் சொல்லிவிட்டார் என்றே நம்பினார்.

பத்தாம் நாள் காய்ச்சல் கண்டது. இதயம் நன்றாக இருக்கிறது, சளிதான் கட்டிக்கொண்டது, இருமாவிட்டால் ஆள் தேறமாட்டார் என்று தருமபுரி டாக்டர் சொல்லிப் போனார்.

நசீருதீனின் மனைவி அஸ்கரி பேகம் நேரே மண்டிக்கு வந்தார்.

“மய்யித்து கெடக்கற வூட்டு வாசல்ல நிக்கற மாதிரி நிக்கறீங்களே, அந்த மனுசன் என்னன்னு நெனைப்பாரு? கத்துங்கப்பா.”

கத்தினோம். நசீருதீன் இடத்தில் ஏலம் நடத்திய மாது கன்னாபின்னாவென்று கூவினான். பஸ்காரர் பத்து நாள் ஹாரனையும் சேர்த்து அடித்தார். ஜன்னலில் நசீருதீன் எழுந்து உட்கார்ந்தார். தலையணையை இறுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு இருமினார். மண்டி அப்படியே நின்றது. மறுபடி இருமினார். தையல் பிரியவில்லை. வத்தல்மலையைத் தோளில் தூக்கியவரைப் பார்ப்பதுபோல் பார்த்தோம்.

மூன்று மாதத்தில் கூரை ஓடு பழையபடி அதிர்ந்தது. அப்போதுதான் ஏரியூர் முனியப்பன் வந்தார். அடுத்த வாரம் அவருக்கும் அதே ஆபரேஷன். உங்களுக்குப் பயமே கிடையாதாமே என்று நடுங்கிக்கொண்டே கேட்டார். பழைய வசனத்துக்காக மண்டியே காதைத் தீட்டியது.

நசீருதீன் அவரை ஓரமாக உட்காரவைத்தார். வீட்டுக்குள் போய்த் தலையணையை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கே அந்தக் குரல் மெல்லத்தான் எட்டியது.

“இருமறதுக்குக்கூடப் பயந்தேனுங்க. இதக் கெட்டியாப் புடிச்சுக்குங்க.”